அப்பத்தா படத்தைப் பென்சிலில் வரையும்போது முகம் ஏன் வேறு யாரோ ஆகிவிடுகிறது?

காரைக்குடிப் பக்கத்திலிருந்து நீங்கள் கேட்டிருப்பது இது: வீட்டு முகப்பில் மாட்டியிருக்கும் அப்பத்தாவின் பழைய ஸ்டுடியோ படத்தை ஏ3 தாளில் பென்சிலால் வரைகிறீர்கள். முடி வெளிச்சத்தில் பளபளக்கிறது. முகம் முழுக்க ஒரே சாம்பலாக இருக்கிறது. கோடு கோடாகப் பார்த்து வரைந்தும் வீட்டில் ஒருவர்கூட "இது அப்பத்தா" என்று சொல்லவில்லை. வெளிநாட்டுப் பென்சில் செட் வாங்கினால் சரியாகுமா, அடுத்து ஐயாவை வரைய அவரை எப்படிப் போட்டோ எடுப்பது என்று முடித்திருக்கிறீர்கள். பென்சிலைப் பற்றிக் கேட்டிருந்தாலும், உங்கள் உண்மையான கேள்வி சாயல் ஏன் வரவில்லை என்பதுதான். அதற்கும் பென்சிலின் விலைக்கும் அநேகமாகச் சம்பந்தமே இல்லை. நீங்கள் வரைந்ததை நான் பார்க்கவில்லை. அதனால் எந்தப் பிழை உங்களுடையது என்று என்னால் அடித்துச் சொல்ல முடியாது. எந்தெந்த இடத்தில் வழக்கமாகச் சறுக்கும், அதை நீங்களே எப்படிக் கண்டுபிடிக்கலாம் என்று சொல்கிறேன்.

பென்சிலை முதலில் முடித்துவிடுவோம். முனை என்பது கிராஃபைட் தூளும் களிமண்ணும் கலந்து சூளையில் சுட்டது. 1795இல் பிரான்சில் கோன்டே என்பவர் காப்புரிமை வாங்கிய முறை, அடிப்படையில் இன்றுவரை அதேதான். களிமண் கூடினால் முனை கெட்டியாகி வெளிறிய கோடு விழும், அது எச் வரிசை. கிராஃபைட் கூடினால் மென்மையாகிக் கறுப்பு ஏறும், அது பி வரிசை. எச்பி இரண்டுக்கும் நடுவில். அப்சரா, கேம்லின் செட்டுக்கும் ஜெர்மன் ஃபேபர்-காஸ்டெல் 9000க்கும் உள்ள வித்தியாசம், பின்னதில் முனைக்குள் மணல் மாதிரி நெருடல் இல்லாமல் ஒரே சீராக இருப்பதுதான். அது வேலையைச் சுகமாக்கும், சாயலைக் கொண்டுவராது. எச்பி, 2பி, 4பி, 6பி நான்கு போதும். ஒன்று மட்டும் கவனம்: ஒரு கம்பெனியின் 4பி இன்னொரு கம்பெனியின் 6பி அளவுக்குக் கறுப்பாக இருக்கலாம். பாதிப் படத்தில் பிராண்டு மாற்றுவதாக இருந்தால் துண்டுத் தாளில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் தேய்த்துப் பார்த்துவிட்டு மாற்றுங்கள்.

கையில் இருக்கும் காசைத் தாளில் போடுங்கள். கடையில் கிடைக்கும் சார்ட் பேப்பர் இதற்கு ஆகாது. வழவழப்பால் பென்சிலின் இரண்டாவது படலமே ஏறாது, நாலு தடவை ரப்பர் போட்டால் மேல்தோல் பஞ்சு பஞ்சாகக் கிளம்பிவிடும், அதற்குமேல் அந்த இடத்தில் எந்தப் பென்சிலும் திட்டுத் திட்டாகத்தான் விழும். 200 ஜிஎஸ்எம்முக்கு (ஒரு சதுர மீட்டர் தாளின் கிராம் எடை) குறையாத, மெல்லிய சொரசொரப்புள்ள கார்ட்ரிட்ஜ் தாள் போதும். அமிலமில்லாத தாளா என்று அட்டையில் பார்த்து வாங்குங்கள். இன்னும் வழவழப்பான பிரிஸ்டல் தாளை இணையத்தில் பலர் சிபாரிசு செய்வார்கள். நுணுக்கம் நன்றாக வரும் என்பது உண்மை. ஆனால் மூன்று நான்கு படலத்தில் தாளின் பிடிப்பு தீர்ந்துவிடும், பழக்கமில்லாத கைக்கு அது சோதனை.

இனி அந்தப் பளபளப்பு. கிராஃபைட் ஏடு ஏடாக அடுக்கிய படிகம். அழுத்தித் தேய்த்தால் அந்த ஏடுகள் தாளில் படுத்துவிடும். படுத்த ஏடு வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பும். அதனால் கறுப்பு வேண்டும் என்று அழுத்த அழுத்த மினுக்கம் கூடுமே தவிரக் கறுப்பு கூடாது. இதில் சந்தேகமே இல்லை. எச்பியை வைத்துக்கொண்டு கொண்டையைக் கறுப்பாக்க முயன்றிருந்தால் உங்களுக்கு நடந்தது இதுதான். அழுத்திய இடத்தில் தாளின் குழிகள் நசுங்கி அடைபட்டுப்போவதால் பிறகு 6பி போட்டாலும் வழுக்கும். கறுக்க வேண்டிய இடத்தில் முதல் படலத்திலேயே 4பி அல்லது 6பியைக் கை எடை மட்டும் படும்படி ஓட்டுங்கள். அதன்மேல் 2பியைக் கூராகச் சீவி, வெள்ளைப் புள்ளியாகத் தெரியும் குழிகளுக்குள் நிரப்புங்கள். பிறகு மறுபடி 6பி. மூன்று நான்கு மென்மையான படலத்தில் கிடைக்கும் கறுப்பு, ஒரே அழுத்தில் கிடைப்பதைவிட ஆழமாகவும் மினுக்கம் குறைவாகவும் இருக்கும். அப்படியும் சுத்தக் கறுப்பு வராது, கிராஃபைட்டின் எல்லை அது. முடியின் ஆழமான மடிப்பு, கண்பாவை மாதிரி நாலைந்து இடத்துக்குக் கரி கலந்த பென்சில் ஒன்று வைத்துக்கொள்ளலாம். ஸ்டெட்லர் மார்ஸ் லூமோகிராஃப் பிளாக் அந்த வகை. சாதாரண சார்கோல் பென்சிலைப் பயன்படுத்துவதானால் முன்கூட்டியே முடிவெடுத்துவிடுங்கள், ஏனென்றால் கிராஃபைட் ஏறிய இடத்தில் சார்கோல் ஒட்டாது.

சாயலுக்கு வருவோம். இங்கே முதல் சந்தேகம் எனக்கு உங்கள் கைமேல் இல்லை, நீங்கள் பார்த்து வரையும் போட்டோமேல்தான். பழைய படத்தை மொபைலில் எடுத்து, மங்கலாக இருக்கிறதென்று "தெளிவாக்கும்" ஆப் ஏதாவது ஒன்றில் போட்டிருந்தால் அதை உடனே தூக்கிப் போடுங்கள். அந்த ஆப்கள் மறைந்துபோன விவரத்தை மீட்பதில்லை, அந்த இடத்தில் பொதுவாக ஒரு கண் எப்படி இருக்குமோ அதை ஊகித்து வரைந்துவைக்கின்றன. இமை மடிப்பும் உதட்டு ஓரமும் அப்பத்தாவுடையவை அல்ல, யாருடையவையும் அல்ல. அதை நீங்கள் எவ்வளவு துல்லியமாக நகலெடுத்தாலும் வீட்டில் அடையாளம் தெரியாதுதான். மங்கலாக இருந்தாலும் அசலைப் பார்த்து வரையுங்கள். மங்கலான இடத்தை மங்கலாகவே விடுவது எவ்வளவோ மேல்.

அசலைப் படமெடுக்கும்போது ஃப்ரேமைக் கழற்றிப் போட்டோவைக் கண்ணாடியிலிருந்து பிரிக்கப் பார்க்காதீர்கள். ஈரத்தில் பழைய ஜெலட்டின் பிரிண்ட் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டிருக்கலாம், உரித்தால் முகம் கண்ணாடியோடு போய்விடும். ஃப்ரேமோடு இறக்கி, நேர்வெயில் படாத தாழ்வாரத்தில் சுவரோடு சாய்த்துவையுங்கள். உங்களுக்குப் பின்னால் கறுப்புத் துணி ஒன்றைப் பிடிக்கச் சொன்னால் கண்ணாடியில் எதிரொளி விழாது. ஒன்றரை மீட்டர் தள்ளி நின்று 2 மடங்கு ஜூம் வைத்து, மொபைல் படத்துக்கு இணையாக, படத்தின் சாய்வுக்குத் தகுந்தாற்போல் சாய்ந்திருக்கும்படி எடுங்கள். இணையாக இல்லாவிட்டால் நெற்றி அகன்று தாடை குறுகும், அல்லது மறுதலையாகும். கண்ணுக்குத் தெரியாத அளவு கோணல்கூட ஏ3இல் சில மில்லிமீட்டர் ஆகிவிடும்.

அந்தக் காலப் படங்களில் இன்னும் இரண்டு விஷயம் ஒளிந்திருக்கிறது. அப்பத்தா மாநிறம் என்று அப்பா சொல்கிறார், படத்தில் கறுப்பாக இருக்கிறார் என்று எழுதியிருந்தீர்கள். ஆர்த்தோகுரோமேட்டிக் என்று ஒருவகைக் கண்ணாடித் தட்டும் ஃபிலிமும் இருந்தன. அவற்றுக்குச் சிவப்பு தெரியாது. சிவப்பும் செம்பழுப்பும் அசலைவிடக் கறுத்தும், நீலம் வெளிறியும் பதிவாகும். வெற்றிலைச் சிவப்பேறிய உதடும், குங்குமமும், அரக்குச் சிவப்புக் கண்டாங்கிச் சேலையும் அதில் ஏறக்குறையக் கறுப்பாகவே விழும். நம் தோல் நிறமும் ஒரு படி இறங்கும். உங்கள் படத்தில் உதடும் பொட்டும் அளவுக்கு மீறிக் கறுத்திருந்தால் அந்த வகை ஃபிலிமாக இருக்க வாய்ப்பு அதிகம். வெறும் பார்வையில் இதை உறுதியாகச் சொல்ல முடியாது. அப்படித் தோன்றினால் தோலையும் உதட்டையும் ஒரு படி வெளிறவிட்டு வரைய உங்களுக்கு உரிமை உண்டு. இரண்டாவது, ஸ்டுடியோக்காரர்கள் நெகட்டிவைப் பின்னாலிருந்து வெளிச்சம் விட்டுப் பார்த்து, சுருக்கம் விழுந்த இடத்தைக் கூர்மையான பென்சிலால் நிரப்பிவிடுவார்கள். நெகட்டிவில் அது அடர்ந்தால் பிரிண்டில் வெளிறும், சுருக்கம் மறையும். ஆக, நீங்கள் பென்சில் எடுப்பதற்கு முன்பே அந்த முகத்தில் ஒருவர் பென்சில் வைத்துவிட்டார்! கண்ணுக்குக் கீழேயும் மூக்கிலிருந்து வாய் ஓரம் வரையும் தோல் வழுவழுவென்று, எந்த வெளிச்சத்துக்கும் பொருந்தாத மாதிரி இருந்தால் அது ரீடச்சிங். வீட்டில் பெரியவர்களிடம் கேட்டு, வேறு சாதாரணப் படம் ஏதாவது இருந்தால் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அப்பத்தா சிரித்தால் கன்னத்தில் எங்கே மடிப்பு விழும் என்று ஒரு குரூப் போட்டோ சொல்லிவிடும்.

இப்போது அளவு. ஜெராக்ஸ் கடையில் அந்தப் படத்தை ஏ3இலேயே பிரிண்ட் போட்டுக்கொள்ளுங்கள். பிரிண்டர் ஓரம் விட்டுத்தான் அடிக்கும், அதனால் பிரிண்டில் விழுந்த படத்தின் நீள அகலத்தையே உங்கள் தாளில் சட்டமாகப் போடுங்கள். அப்போது இரண்டும் ஒரே அளவு, கணக்கே வேண்டாம், காம்பஸை எடுத்து நேரடியாக அளக்கலாம். 3 செ.மீ. கட்டம் போட்டு, கண், மூக்கு, வாய் வரும் கட்டங்களை மட்டும் இரண்டாகப் பிரியுங்கள். கட்டத்தையும் கோட்டுப்படத்தையும் எச்பியால், தூக்கிப் பார்த்தால்தான் தெரியும் அளவுக்குப் போடுங்கள். லேசாக விழும் என்று 2எச் எடுப்பார்கள் பலர். அது தாளில் கீறலாக இறங்கிவிடும், மேலே 4பி ஓட்டும்போது கட்டம் முழுவதும் வெள்ளைக் கோடாகத் திரும்பி வரும். கட்டம் போட்டு வரைந்தால் கண் பழகாது என்று சொல்பவர்கள் உண்டு, அதில் நியாயமும் உண்டு. ஆனால் காலமானவரின் படத்தை வரையும்போது கண்ணைப் பழக்க வேண்டிய அவசரமில்லை, பயிற்சியைத் தனித் தாளில் வைத்துக்கொள்ளலாம்.

உச்சந்தலையிலிருந்து தாடைவரை 20 செ.மீ. வரைகிறீர்கள் என்று வைத்துக்கொண்டால் ஒரு கண்ணின் அகலம் 2.7 செ.மீ. பக்கம் வரும். அந்த அளவில் மேலிமை 1 மி.மீ. ஏறினால் முகம் திடுக்கிட்ட முகமாகிவிடும், இறங்கினால் தூக்கக் கலக்கம். கண்கள் தலையின் பாதி உயரத்தில், இரண்டுக்கும் நடுவே ஒரு கண் அகலம் என்கிற பாடமெல்லாம் சராசரி மனிதருக்கு. பெரிய பிசகு இருந்தால் காட்டிக்கொடுக்கும், சாயலைக் கொடுக்காது. சாயல் இருப்பது அந்தச் சராசரியிலிருந்து அப்பத்தா எங்கே விலகுகிறார் என்பதில்: ஒரு புருவம் சற்று மேலே, வாயின் ஒரு ஓரம் கீழே, மூக்குத் தண்டில் லேசான கோணல். வரைகிறவர் கை தன்னையறியாமல் இதையெல்லாம் நேராக்கிவிடும். "அளவெல்லாம் சரிதான், ஆனால் அவர் இல்லை" என்பதற்கு மிகப் பெரிய காரணம் இதுவாகத்தான் இருக்கும் என்பது என் கணிப்பு. ஆகவே உறுப்புகளைத் தனித்தனியாக அளக்காமல் கோணங்களை அளவெடுங்கள். இரண்டு கண்களின் உள்மூலையையும் மூக்கின் அடியையும் சேர்த்தால் ஒரு முக்கோணம், வெளிமூலைகளையும் தாடை நுனியையும் சேர்த்தால் இன்னொன்று. இரண்டையும் பிரிண்டிலும் தாளிலும் ஒப்பிடுங்கள். பிறகு பிரிண்டையும் தாளையும் மொபைலில் எடுத்து, இடம் வலம் மாற்றிப் பாருங்கள், தலைகீழாகவும் பாருங்கள். பழகிய கண்ணுக்குத் தெரியாத கோணல் உடனே தெரியும். இந்த அளவு வேலை முடியாமல் ஒரு இடத்திலும் நிழல் ஏற்றாதீர்கள். ஒரு கண்ணை முழுதாக முடித்துவிட்டு அடுத்ததற்குப் போகும் வீடியோக்கள் பார்க்க நன்றாக இருக்கும். பின்னால் அந்தக் கண் 3 மி.மீ. தள்ளி இருப்பது தெரிந்தால் மனசு வந்து அழிக்க மாட்டீர்கள், அதற்குத் தகுந்தாற்போல் முகத்தையே கோணலாக்கிவிடுவீர்கள்.

முகம் ஒரே சாம்பலாக இருப்பதற்கு இரண்டு காரணம்தான். ஒன்று, விரலால் தேய்ப்பது. விரல் எண்ணெயில் கிராஃபைட் குழம்பி ஒட்டிக்கொள்ளும், அப்புறம் ரப்பருக்கும் வராது. சித்திரை வைகாசியில் நம் பக்கத்து வேர்வையைக் கேட்கவே வேண்டாம். உள்ளங்கைக்கு அடியில் ஒரு வெள்ளைத் தாள் எப்போதும் இருக்கட்டும், அதை நகர்த்தும்போது இழுக்காமல் தூக்கிவையுங்கள். மற்றது, கறுக்கப் பயந்து எல்லா இடத்தையும் நடுத்தரத்திலேயே நிறுத்திவிடுவது. ஆரம்பிக்குமுன் தாள் ஓரத்தில் ஐந்து கட்டம் போட்டு, ஒன்றாவது தாளின் வெள்ளை, ஐந்தாவது உங்கள் பென்சில் தரும் முழுக் கறுப்பு, நடுவில் மூன்று படி என்று நிரப்பிவையுங்கள். கண்ணைப் பாதி மூடிக்கொண்டு போட்டோவைப் பார்த்தால் விவரங்கள் மறைந்து, பெரிய பெரிய நிழல் வடிவங்கள் மட்டும் நிற்கும். அவை ஒவ்வொன்றும் எந்தக் கட்டம் என்று குறித்துக்கொள்ளுங்கள். லேசர் பிரிண்டில் கறுப்பெல்லாம் ஒன்றாக அப்பிவிடும். அதனால் அளவுக்குப் பிரிண்ட், டோனுக்கு (வெளிறல் கறுப்பின் படிகளுக்கு) மொபைல் திரை, அதையும் ஒரே பிரகாசத்தில் வைத்து.

இன்னொரு விஷயத்தை யாரும் சொல்ல மாட்டார்கள். வீடியோக்களில் பெரும்பாலும் வெள்ளைக்காரர்களின் முகத்தை வைத்துச் சொல்லித் தருகிறார்கள். அங்கே தாளின் வெள்ளையே தோல். நம் மாநிறத்துக்கும் கறுப்புக்கும் அந்தக் கணக்கு உதவாது. மாநிற முகத்தில் வெளிச்சம் படும் பக்கமே இரண்டாவது, மூன்றாவது கட்டத்தில்தான் இருக்கும், நிழல் பக்கம் நான்கு. தாளின் வெள்ளை மூக்கு நுனி, நெற்றி மேடு, கீழுதடு, கண்ணின் பொட்டு ஒளி ஆகியவற்றுக்கு மட்டும். ஆகவே அந்தச் சில இடங்களை விட்டுவிட்டு முகம் முழுவதும் முதலில் எச்பியால் ஒரே சீரான படலம் ஓட்டுங்கள். நிறம் ஆழமாக ஆக ஒளிப்புள்ளிகள் சின்னதாகவும் கூராகவும் ஆகும். அதைத் தாராளமாக விட்டால் தோல் பவுடர் பூசியதாகத் தெரியும். மறைந்த ஓவியர் எஸ். இளையராஜாவின் எண்ணெய் வண்ணப் பெண்கள் படங்களைப் பார்த்தால், நம் தோலில் ஜன்னல் வெளிச்சம் எங்கே நின்று எங்கே கரைகிறது என்று தெரியும். வண்ணத்தை மறந்து டோனை மட்டும் கவனியுங்கள்.

படலம் ஓட்டும் விதம்: பென்சிலைக் கத்தியால் சீவி, முனை ஒரு செ.மீ. நீட்டிக்கொண்டிருக்கும்படி வைத்து, உப்புத்தாளில் கூராக்குங்கள். முனையிலிருந்து ஆறேழு செ.மீ. பின்னால் பிடித்து, சின்னச் சின்னச் சுழியாக, ஒன்றன்மேல் ஒன்று விழும்படி. ஒவ்வொரு படலமும் முந்தையதைவிட வேறு திசையில் போனால் கோடு தெரியாது. பேப்பர் ஸ்டம்ப் (இறுகச் சுருட்டிய தாள் குச்சி) வைத்துத் தேய்க்கலாமா என்பதில் ஆளுக்கொரு கட்சி. என் தீர்ப்பு, பின்னணிக்கும் முதல் படலத்துக்கும் சரி, அதன்பின் முகத்தில் வேண்டாம். தேய்க்கத் தேய்க்கத் தோலின் நெருடல் போய்ப் பொம்மை முகமாகிவிடும்.

கண்ணில் வெள்ளை விழி வெள்ளை இல்லை. அது உருண்டை. இரண்டு ஓரமும் இரண்டாவது கட்டத்துக்கு இறங்கும், மேலிமையின் நிழல் அதன்மேல் ஒரு பட்டையாக விழும். வெள்ளையாக விட்டால் கண் பிதுங்கும். ஒளிப்புள்ளி பாவையும் கருவிழியும் சேரும் இடத்தில் பெரும்பாலும் மேற்புறம் நிற்கும், அதற்கு எதிர்ப்பக்கம் கருவிழி சற்று வெளிறும். வயதானவர்களுக்குக் கருவிழியைச் சுற்றி வெளிறிய சாம்பல் வளையம் ஒன்று இருப்பதுண்டு. போட்டோவில் தெரிந்தால் விட்டுவிடாதீர்கள், பார்வையின் பாதி அதில்தான் இருக்கும். கீழிமைக்குத் தடிமன் உண்டு, அந்த விளிம்பில் மெல்லிய ஈரக்கோடு ஒன்று ஒளிரும்.

சுருக்கத்தைக் கோடாக வரைந்தால் காயத் தழும்பாகிவிடும். அது கோடே இல்லை. ஒரு மடிப்புக்கு இரண்டு சரிவு: ஒன்று வெளிச்சத்தைப் பார்த்தது, மற்றது மறைந்தது. மறைந்த பக்கத்தில் 2பியால் மெல்லிய நிழல், அதன் ஒரு விளிம்பு மட்டும் கூர், மறு விளிம்பு கரைந்துபோக வேண்டும். வெளிச்சப் பக்கத்தில் நீடபிள் ரப்பரைப் பிசைந்து கத்தி முனை மாதிரியாக்கி, தேய்க்காமல் ஒற்றி எடுங்கள். இந்த வெளிச்சப் பக்கத்தை மறந்தால் அப்பத்தாவுக்குப் பத்து வயது கூடிவிடும். வாயில், இரண்டு உதடும் சேரும் கோடுதான் சாயலை முடிவு செய்வது. அது ஒரே கனத்தில் ஓடாது: நடுவில் ஒரு இடத்தில் அழுந்தும், அடுத்து மங்கும், ஓரத்தில் ஒரு சின்ன நிழல் குழியாக முடியும். உதட்டைச் சுற்றி எல்லைக்கோடு போடவே வேண்டாம்.

முடியை ஒவ்வொன்றாக இழுக்காதீர்கள். இழுத்து வாரிக் கொண்டை போட்ட தலையை முதலில் ஒரே உருண்டையாக நிழலேற்றி, ஒளி வளைந்து போகும் பட்டையை மட்டும் வெளிறவிட்டு, கடைசியில் அங்கங்கே நாலு இழை. நெற்றி ஓரத்தில் முடி திடீரென்று தொடங்காது, தோல் நிறத்திலிருந்து படிப்படியாகக் கறுக்கும். வெள்ளை இழைகளுக்கு மை தீர்ந்த பால்பாயிண்ட் பேனாவால், நிழல் ஏற்றுவதற்கு முன்பே, தாளில் லேசாகக் கீறிவிடுங்கள். மேலே பென்சில் ஓட்டும்போது அந்தப் பள்ளம் வெள்ளையாகவே நிற்கும். தவறாகக் கீறினால் திருத்த வழியில்லை என்பதால் துண்டுத் தாளில் பழகிவிட்டுச் செய்யுங்கள். வைரத் தோடுக்கும் மூக்குத்திக்கும் இதுவே தலைகீழ்ப் பாடம்: கல்லை வெள்ளையாக விட்டால் மின்னாது, ஒரு துளி சுத்த வெள்ளைக்கு ஒட்டினாற்போல் ஒரு துளி முழுக் கறுப்பு வைத்தால்தான் மின்னும். கண்டாங்கிக் கட்டங்கள் மடிப்போடு வளைந்து உடைய வேண்டும். அதற்குமேல் சேலையில் உழைக்க வேண்டாம், தோளுக்குக் கீழே மங்கவிட்டால் கண் முகத்திலேயே நிற்கும்.

ஐயா விஷயத்தில் உங்களுக்குப் பெரிய வசதி இருக்கிறது, வளவு, அதாவது வீட்டு நடுவே இருக்கும் திறந்த முற்றம். ஆனால் நடுவில் வானத்துக்கு நேர் கீழே உட்காரவைத்தால் புருவ நிழலில் கண் இரண்டும் குழியாகிவிடும். வெயில் ஏறினால் மேலே போட்டிருக்கும் கம்பி வலையின் நிழல் கோடு கோடாக முகத்தில் விழும். காலை ஒன்பது பத்து மணிக்கு, தாழ்வாரத்துக்குள் ஒரு மீட்டர் தள்ளி, வளவுக்குப் பாதி திரும்பினாற்போல் உட்காரவையுங்கள். ஒரு பக்கம் வெளிச்சம், மறு பக்கம் மெல்ல இறங்கும் நிழல். தாடைக்கு அடியில் ரொம்பக் கறுத்தால், முன்னால் தரையில் வெள்ளை வேட்டி ஒன்றை விரியுங்கள். தரையில் பதித்த ஆத்தங்குடிக் கல்லின் சிவப்பைவிட அது அதிக வெளிச்சத்தைத் திருப்பித் தரும். மொபைலைக் கண் மட்டத்தில், இரண்டு மீட்டர் தள்ளி, 2 மடங்கு ஜூமில் பிடியுங்கள். கை நீட்டும் தூரத்தில் எடுத்தால் மூக்கு பெருத்துக் காது ஒடுங்கும், அது ஐயாவின் முகம் அல்ல. பியூட்டி மோடை அணைத்துவிடுங்கள். ஃப்ளாஷ் வேண்டவே வேண்டாம்.

முடித்தபின், கிராஃபைட் வெளிச்சத்தில் மங்காது, அது வெறும் கார்பன். மஞ்சளாவது தாள்தான். கலையாமல் இருக்க மேட் ஃபிக்சேட்டிவ் ஸ்பிரே அடிக்கலாம். காற்று வீசாத திறந்த இடத்தில், 30 செ.மீ. தள்ளி, லேசாக இரண்டு தடவை. மினுக்கம் கொஞ்சம் குறையும், டோன் ஒரு துளி கறுக்கும், அதற்குப்பின் ரப்பர் பேசாது. அதனால் ஐந்து கட்டம் போட்ட துண்டில் முதலில் அடித்துப் பாருங்கள். ஹேர் ஸ்பிரே மலிவு என்று சொல்வார்கள். நாளடைவில் மஞ்சளேறும், பிசுபிசுப்பில் தூசி பிடிக்கும், வேண்டாம். ஃப்ரேம் போடும்போது படத்துக்கும் கண்ணாடிக்கும் இடையே இரண்டு மூன்று மி.மீ. இடைவெளி நிற்கும்படி அமிலமில்லாத மவுண்ட் அட்டை வைக்கச் சொல்லுங்கள், பின்பக்கத்தை டேப் போட்டு முழுசாக அடைக்கச் சொல்லுங்கள். பழைய வீட்டுச் சுவரில் இராமபாணப் பூச்சிக்குக் குறைவில்லை, அதற்குத் தாள் என்றால் பிரியம்.